ஷூ வாங்கக் காசில்லாமல்தான் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடினாரா?

கேள்வி இதுதான்: 1960 ரோம் ஒலிம்பிக்கில் மராத்தான் ஜெயித்த எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா, ஷூ வாங்க வழியில்லாத ஏழை என்பதால்தான் வெறுங்காலோடு ஓடினாரா? அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இல்லை, ஷூ இருந்தது. காலைக் கடித்தது, அவ்வளவுதான். இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வெறுங்கால் படம், அவருடைய ஓட்ட வாழ்க்கையில் ஒரு சாயங்காலத்தை மட்டும்தான் காட்டுகிறது. அவர் ஓடிய ஓட்டங்களிலேயே பெரியது அது இல்லை என்பது என் கட்சி.

முதலில் பெயர். எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம்மைப் போலத்தான், தன் பெயர், பக்கத்தில் அப்பா பெயர். அபேபே என்பது அவர், பிகிலா என்பது அவருடைய அப்பா. மேல்நாட்டுப் பத்திரிகைகள் அவரைக் காலம் முழுக்க ‘பிகிலா, பிகிலா’ என்று அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டன. இனிஷியலை விரித்து எழுதிப் பாஸ்போர்ட் வாங்கிய தமிழர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். நான் அபேபே என்றே எழுதுகிறேன்.

1932 ஆகஸ்ட் 7 அன்று ஷேவா பகுதியில் ஜாட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். அதே நாளில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் மராத்தான் நடந்தது. இது தற்செயல், ஆனால் அவரைப் பற்றி எழுதுகிற யாரும் இதை விடுவதில்லை, நானும் விடவில்லை. அவருக்கு மூன்று வயதாகும்போது முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தது. குடும்பம் ஊரை விட்டுத் தள்ளிப்போய் ஒதுங்க வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ரோமுக்குப் போகும்போது தேவைப்படும்.

வாலிப வயதில் அடிஸ் அபாபாவுக்கு வந்து பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம், சீருடை, பூட்ஸ் எல்லாம் உள்ள வேலை. படையினருக்குப் பயிற்சி தர வந்திருந்தவர் ஒன்னி நிஸ்கனென், சுவீடன் நாட்டுக்காரர். அபேபேயின் ஓட்டத்தைப் பார்த்து, ‘இந்த ஆளை விடக்கூடாது’ என்று பிடித்துக்கொண்டவர் அவர்தான். சுலுல்டா மலைப்பக்கத்திலிருந்து தலைநகருக்கு இருபது கிலோமீட்டர் ஓடுவது அபேபேக்கு அன்றாட வேலை என்று சொல்வார்கள். நிஸ்கனென் அதற்கு ஒழுங்கு கொடுத்தார்: நேரம் பார்த்து ஓடுவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, உடம்பு அசையாமல் காலை மட்டும் ஓட விடுவது. பழைய படக் காட்சிகளில் பார்த்தால் தெரியும், அவர் தலை மேலும் கீழும் ஆடவே ஆடாது. தண்ணீர்க் குடத்தை வைத்தாலும் தளும்பாது.

1960 ஆகஸ்டில் அடிஸ் அபாபாவில் நடந்த தேர்வு ஓட்டத்தை 2 மணி 21 நிமிடம் 23 நொடியில் முடித்தார். செக்கோஸ்லோவாகிய வீரர் ஜாட்டோபெக் 1952இல் வைத்த ஒலிம்பிக் மராத்தான் சாதனையே 2:23:03தான். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே, காற்று மெலிந்த ஊரில், ஒலிம்பிக் சாதனையை விட வேகமாக ஒருவர் ஓடியிருக்கிறார். வெளி உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்த சிலரும் கடிகாரத்தில் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். ரோமில் ‘எங்கிருந்தோ வந்து ஜெயித்த அநாமதேயம்’ என்று அவரைப் பற்றி எழுதினார்களே, அது எழுதியவர்களின் அறியாமை. நிஸ்கனெனுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று நன்றாகவே தெரியும்.

இனி ஷூ விஷயம். ஓடி ஓடி அவருடைய பழைய ஷூ தேய்ந்துவிட்டது. ரோமில் புது ஜோடி கிடைத்தது. போட்டுப் பார்த்தால் கொப்புளம். நான் பல வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் சொல்லிக்கொடுப்பவன். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் ஆசை ஆசையாகப் புது ஷூ வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். மறுநாள் 5,000 மீட்டரில் எட்டாவது சுற்றுக்குள் பையன் நொண்ட ஆரம்பிப்பான். குதிகாலில் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருக்கும், உரித்தெடுக்கும்போது கத்துவான். புது ஷூவோடு 42 கிலோமீட்டர் என்பது தற்கொலை. அபேபே வெறுங்காலோடும் பயிற்சி எடுத்துப் பழகியவர். பாதம் காய்த்துக் கட்டாந்தரை மாதிரி இருந்தது. ஆகவே பழகாத ஷூவா, பழகிய பாதமா என்ற கேள்விக்கு அவரும் பயிற்சியாளரும் எடுத்தது விவரமான முடிவு. இதில் வறுமையும் இல்லை, வீராப்பும் இல்லை.

இன்னொன்றும் கை கொடுத்தது. ரோமின் வெயிலுக்குப் பயந்து செப்டம்பர் 10 அன்று மராத்தானைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத்தான் தொடங்கினார்கள். உச்சி வெயிலில் ஓட விட்டிருந்தால் அந்தத் தார் ரோடு எந்தப் பாதத்தையும் பொசுக்கியிருக்கும். மே மாதம் மத்தியானம் செருப்பில்லாமல் தெருவைக் கடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்று 69 பேர் கிளம்பினார்கள். அதுவரை ஒலிம்பிக் மராத்தான் என்றால் மைதானத்தில் ஏதாவது ஒரு முனையாவது இருக்கும். ரோமில் இரண்டுமே வெளியே: கேபிடோலின் குன்றில் தொடக்கம், கான்ஸ்டன்டைன் வளைவில் முடிவு. நிஸ்கனென் அபேபேயிடம் எச்சரித்திருந்தது ஒரே ஒருவரைப் பற்றி, மொராக்கோவின் ராடி பென் அப்தெசெலாம். அவர் 26ஆம் எண் போட்டிருப்பார், அவரைக் கண்ணில் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். ஆனால் ராடி, ஏற்கெனவே 10,000 மீட்டரில் ஓடியபோது குத்தியிருந்த 185ஆம் எண்ணோடே மராத்தானுக்கும் வந்துவிட்டார். அபேபே 11ஆம் எண். கூட்டத்தில் 26ஐத் தேடினார், காணோம். சரி, முன்னால் போய்விட்டார் போல என்று எட்டிப் பிடிக்க ஓடினார். பாதி தூரம் தாண்டி மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பக்கத்தில் 185 மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. தேடிய ஆள் தோளோடு தோளாக ஓடிக்கொண்டிருக்க, இவர் இன்னும் முன்னால் 26ஐத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு வகையில் அந்த எண் குழப்பமே அவரை ஓட்டியது என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குள் இருட்டிவிட்டது. பழைய ஆப்பியன் சாலையில் வழிநெடுக சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோமாபுரிப் படைகள் நடந்த சாலை அது. ஊருக்குள் திரும்பி முடிவை நெருங்கும்போது ஒரு கல்தூண் வரும். 24 மீட்டர் உயரம். எத்தியோப்பியாவின் பழைய தலைநகரான அக்சுமில் நின்றதை 1937இல் முசோலினியின் ஆட்கள் பெயர்த்துக்கொண்டு வந்து ரோமில் நட்டிருந்தார்கள். ஓட்டத்துக்கு முன்பே நிஸ்கனெனும் அபேபேயும் பாதையைப் பார்வையிட்டபோது பேசி வைத்தது இதுதான்: இந்தத் தூண் வரும் வரை காத்திரு, இங்கேதான் வேகம் எடுக்க வேண்டும். அங்கிருந்து முடிவுக்கோடு கூப்பிடு தூரம்.

இதை ‘தாய்நாட்டின் தூணைக் கண்டதும் ரத்தம் கொதித்து ஓடினார்’ என்று எழுதுவார்கள். கொதித்திருக்கலாம், மனிதன்தானே. ஆனால் அது திட்டமிட்டு வைத்த இடம். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்த காலை, சொன்ன இடத்தில் அவிழ்த்து விட்டார். ராடி பின்தங்கினார். 2 மணி 15 நிமிடம் 16.2 நொடி. ராடி 25 நொடி கழித்து வந்தார். அதுவரை உலகிலேயே வேகமான மராத்தான் சோவியத் வீரர் செர்கேய் போபோவ் 1958இல் ஓடிய 2:15:17. அதை ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் தாண்டியிருந்தார். அந்தப் போபோவும் அன்று பின்னால்தான் ஓடி வந்துகொண்டிருந்தார், ஐந்தாவதாக.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 12 நொடி. அதாவது 100 மீட்டரைப் பத்தொன்பது நொடி சொச்சத்தில் ஓட வேண்டும், அதை மூச்சு விடாமல் 421 தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உங்கள் ஊர் மைதானத்தில் ஒரே ஒரு தடவை செய்து பாருங்கள்.

எத்தியோப்பியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஒரு கறுப்பின ஆப்பிரிக்கர் தன் ஆப்பிரிக்க நாட்டுக்காக ஓடி வாங்கிய முதல் தங்கமும் அதுதான். நாட்டைப் பிடித்தவர்களின் தலைநகரில், அவர்கள் தூக்கி வந்த தூணைத் தாண்டி. இந்தப் பொருத்தத்தை யாராலும் ஜோடித்திருக்க முடியாது.

ஊர் திரும்பியதும் ஊர்வலம், பேரரசர் கையால் விருது, பதவி உயர்வு. மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. 1960 டிசம்பரில், பேரரசர் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து, மெய்க்காவல் படைத் தளபதியே ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார். முயற்சி தோற்றது. அபேபே அந்தப் படையின் சிப்பாய். அவரையும் பிடித்து விசாரித்து, பிறகு விடுவித்தார்கள். சதியில் அவருக்குப் பங்கில்லை. உலகமே கொண்டாடிய ஆள் அந்த ஆண்டு முடிவதற்குள் விசாரணைக் கைதி.

1961இல் ஏதென்ஸில் ஒரு முறை வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார். வெறுங்கால் ஓட்டம் அதோடு முடிந்தது. அடுத்து ஒசாகா போட்டிக்கு ஜப்பான் போனபோது ஒனிட்சுகா என்ற ஷூ உற்பத்தியாளர் நேரே ஹோட்டலுக்கே வந்து, எங்கள் ஊர் ரோட்டுக்கு ஷூ இல்லாமல் ஆகாது என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். அவருடைய கம்பெனிதான் பின்னால் அசிக்ஸ் ஆனது. ஒசாகாவில் ஷூவோடு ஓடியும் ஜெயித்தார். அந்த ஆண்டே செக்கோஸ்லோவாகியாவின் கோஷிட்சே நகரத்து மராத்தானிலும் ஜெயித்தார். ஆக, வெறுங்கால் என்று நாம் போற்றும் சங்கதி அவர் வாழ்க்கையில் பெரிய போட்டிகளில் இரண்டே இரண்டு.

1963இல் பாஸ்டன். அவரும் சகநாட்டவர் மாமோ வோல்டேயும் முதல் பாதியில் எல்லோரையும் உதறிவிட்டு முன்னால் ஓடினார்கள். அப்புறம் அந்த ஊரின் மேடுகளும் குளிர்காற்றும் காலைப் பிடித்தன. ஐந்தாவது இடம். பெல்ஜியத்தின் வாண்டென்ட்ரீஸ் ஜெயித்தார். அபேபே மனிதர்தான் என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த ஓட்டம் வருகிறது. டோக்கியோ, 1964 அக்டோபர் 21.

அதற்கு ஐந்து வாரம் முன்பு பயிற்சியின்போது வயிற்றில் வலி வந்து விழுந்தார். குடல்வால் அழற்சி. செப்டம்பர் 16 அன்று ஆபரேஷன். இன்றைக்கு மாதிரி துளை போட்டுச் செய்யும் சிகிச்சை கிடையாது. வயிற்றைக் கிழித்துத் தைத்த காலம். நம் வீட்டில் ஒருவருக்கு அப்படி ஆபரேஷன் ஆனால் மாதக்கணக்கில் குடத்தைத் தூக்க விட மாட்டோம். இவர் தையல் ஆறுவதற்குள்ளேயே ஆஸ்பத்திரி வளாகத்தில் மெதுவாக ஓட ஆரம்பித்துவிட்டாராம். டோக்கியோவில் விமானம் இறங்கியபோது அவரை யாரும் போட்டியாளர் கணக்கிலேயே வைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பேய் வேகத்தில் ஆரம்பித்தார். அபேபே அவசரப்படவில்லை. பத்து கிலோமீட்டருக்குள் முன்வரிசைக்கு வந்தார். பாதி தூரம் நெருங்கும்போது தனியாக ஓடிக்கொண்டிருந்தார். வெள்ளை சாக்ஸ், பூமா ஷூ. முகத்தில் ஒன்றும் இல்லை, வலியும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நிரம்பி வழிந்த அரங்குக்குள் தனியாக நுழைந்து, 2 மணி 12 நிமிடம் 11.2 நொடியில் கோட்டைத் தாண்டினார். மறுபடியும் உலகச் சாதனை நேரம்.

அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. மற்றவர்கள் மராத்தான் முடிந்தால் விழுவார்கள், வாந்தி எடுப்பார்கள். இவர் நேரே நடுப்புல்வெளிக்குப் போய்க் குனிந்து கால்விரலைத் தொட்டார், மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிச் சைக்கிள் மிதிப்பது போலச் சுழற்றினார். காலையில் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பில் செய்வார்களே, அதேதான். அரங்கம் சிரித்துக்கொண்டே கைதட்டியது. அடுத்த ஆள் வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாவதாக நுழைந்தவர் ஜப்பானின் சுபுராயா. தன் நாட்டு மக்கள் கண்முன்னாலேயே அரங்குக்குள் பிரிட்டனின் ஹீட்லி அவரை முந்திவிட, வெண்கலத்தோடு நின்றார். அவருடைய கதை சோகமானது, 1968 தொடக்கத்தில் தற்கொலை செய்துகொண்டார். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பதக்கம் தரும்போது வாத்தியக் குழுவிடம் எத்தியோப்பிய தேசிய கீதம் இல்லை. ஜப்பான் கீதத்தையே வாசித்துவிட்டார்கள். அபேபே விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார்.

ஒலிம்பிக் மராத்தானில் அடுத்தடுத்து இரண்டு முறை தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர். அவருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் சியெர்பின்ஸ்கியும், 2021இல் கென்யாவின் கிப்சோகேயும் மட்டும்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறார்கள். ஐந்து வாரத் தையலோடு சேர்ந்தவர் இவர் ஒருவர்தான். அதனால்தான் ரோமை விட டோக்கியோ பெரிது என்கிறேன். ரோமில் அவரை யாருக்கும் தெரியாது, தோற்றாலும் கேட்க ஆளில்லை. டோக்கியோவில் எல்லாக் கண்ணும் அவர்மேல், காலில் ஷூ, வயிற்றில் ஆறாத வடு. ஆனால் படம் எடுக்க வெறுங்கால்தானே அழகு!

பேரரசர் இந்த முறை ஒரு வீடும் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரும் கொடுத்தார்.

1966இல் சியோலில் ஜெயித்ததுதான் கடைசி வெற்றி. மறு வருடம் ஸ்பெயினில் ஓடும்போது தொடைத் தசை பிடித்துப் பாதியில் நின்றார். அந்தக் கால் பிறகு பழைய கால் ஆகவேயில்லை. 1968 மெக்சிகோவில் மூன்றாவது தங்கத்துக்கு நின்றார். மார்பில் 1ஆம் எண், காலில் காயம். சுமார் 17 கிலோமீட்டரில் ஒதுங்கினார். அன்று ஜெயித்தது மாமோ வோல்டே, பாஸ்டனில் கூட ஓடிய அதே மாமோ. எத்தியோப்பியாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது மராத்தான் தங்கம்.

1969 மார்ச் 22 இரவு அந்த பீட்டில் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது கட்டுப்பாடு இழந்து கவிழ்ந்தது. விடியும் வரை உள்ளே சிக்கிக் கிடந்தார். கழுத்தில் அடி. முதலில் கையும் வரவில்லை, காலும் வரவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி விளையாட விட்ட டாக்டர் லுட்விக் குட்மன் வளர்த்த இடம் அது; பாராலிம்பிக் முளைத்ததே அங்கேதான். மாதக்கணக்கான சிகிச்சையில் கைகள் திரும்பி வந்தன. கால்கள் வரவில்லை. அப்போது அவருக்கு 36, 37 வயது.

1970இல் அங்கே நடந்த சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டிகளில் அம்பு எய்தார், டேபிள் டென்னிஸ் ஆடினார். அடுத்த ஆண்டு நார்வேயில் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிக்கு விருந்தினராகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மனிதர் சும்மா உட்காரவில்லை. நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் இறங்கி, அதில் முதலாவதாக வந்தார்! அடிஸ் அபாபாக்காரருக்குப் பனியோடு என்ன பழக்கம் இருந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சக்கர நாற்காலியில் விருந்தினராகப் போனார். மராத்தான் ஜெயித்த அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர், பதக்கம் வாங்கிய கையோடு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். 1973 அக்டோபர் 25 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 41. பேரரசர் நாடு முழுக்கத் துக்கம் அறிவித்தார். பேரரசரின் ஆட்சியே அடுத்த ஆண்டு கவிழ்ந்தது.

மறுபடி வெறுங்காலுக்கு வருகிறேன், கேள்வியே அதுதானே. ரோம் ஓட்டத்தின் ஐம்பதாவது ஆண்டு நினைவாக 2010இல் ரோம் மராத்தான் அமைப்பாளர்கள், முடிவுக்கோட்டை வெறுங்காலோடு தாண்டி ஜெயிப்பவருக்கு 5,000 யூரோ கூடுதல் பரிசு என்று அறிவித்தார்கள். எத்தியோப்பியாவின் சிராஜ் கெனா முன்னால் வந்துகொண்டிருந்தார். கடைசி 300 மீட்டர் இருக்கும்போது நின்று, ஷூவைக் கழற்றிவிட்டு ஓடி வந்து ஜெயித்தார். விரல் பிரிந்த ஷூ செய்யும் விப்ரம் கம்பெனி அதே காலத்தில் ஒரு மாடலுக்கு ‘பிகிலா’ என்று பெயர் வைத்து விற்றது. எங்களைக் கேட்காமல் எப்படி வைக்கலாம் என்று அபேபேயின் பிள்ளைகள் பின்னால் வழக்குப் போட்டார்கள். அந்த அக்சும் தூணை இத்தாலி 2005இல் மூன்று துண்டாக விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. 2008இல் அது பழைய இடத்தில் எழுந்து நின்றது. இப்போது ரோமுக்குப் போய் அபேபே வேகம் எடுத்த இடத்தைத் தேடினால் தூண் இருக்காது.